கரை எவ்வளவு தூரம்?

சொகுசுக் கப்பல் கம்பெனிகள் அச்சிட்டு வழங்கும் வண்ணப் புத்தகங்களில், நீச்சல் குளத்தையும் நாடக அரங்கையும் விதவிதமான போஜனசாலைகளையும் பக்கம் பக்கமாக வருணித்து முடித்த பிறகு, ஏதோ ஒரு மூலையில், 'கப்பலில் 24 மணி நேரமும் மருத்துவ வசதி உண்டு' என்று ஒரே ஒரு வரி இருக்கும். இளைஞர்கள் அந்த வரியைப் படிப்பதில்லை. படிக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. ஆனால் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட பெரியவரும், இருபது வருஷமாகச் சர்க்கரை வியாதியோடு ஒருவாறு சமாதானமாகக் குடித்தனம் நடத்திவரும் அவர் மனைவியும் அந்த ஒற்றை வரியை நம்பித்தான் மனம் துணிந்து பிரயாணத்துக்குச் சம்மதிக்கிறார்கள். அமெரிக்காவிலுள்ள பிள்ளைகளிடம் ஆறு மாதம் தங்கிவரப் போகும் நம்மூர்ப் பெற்றோர்கள், மயாமியிலிருந்து கரீபியன் தீவுகளுக்கோ, சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்கோ ஒரு வாரம் கப்பலில் சென்று திரும்புவது இப்போது சர்வ சாதாரணமாகிவிட்டது. 2022 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தே அத்தகைய கப்பல் புறப்பட்டிருக்கிறது. ஆகவே அந்த ஒரு வரிக்குள் என்ன அடங்கியிருக்கிறது, என்ன அடங்கவில்லை என்பதை நிதானமாக விசாரித்துப் பார்ப்பது நமக்கும் உரிய காரியந்தான்.

நிலத்தில் வாழும் நாம் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் உள்ள தூரத்தைக் காலத்தால் அளந்து பழகியவர்கள். 'ஆட்டோவில் போனால் பத்து நிமிஷம்' என்பதே நமது அளவுகோல். சமுத்திரத்திலும் அதே அளவுகோலைக் கொண்டு அளக்கலாம். ஆனால் விடைதான் வேறு. சொகுசுக் கப்பல் ஏறக்குறைய 20 நாட் வேகத்தில் செல்கிறது என்று கொண்டால், அது மணிக்கு சுமார் 37 கிலோமீட்டர். நகரத்துப் பேருந்தின் வேகத்துக்குச் சற்றே மேல். கரைக்கு 600 கிலோமீட்டர் அப்பால், அதாவது சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் உள்ள தூரத்தில், ஒருவருக்கு மார்வலி கண்டு, மாலுமி அக்கணமே கப்பலைத் திருப்பினாலும், கரை சேரப் பதினாறு மணி நேரம் ஆகும். கடற்பிரயாணத்தில் முதியவர்களுக்கு வரும் நோய்களில் மிகப் பெரும்பாலானவை கரையிலும் வரக்கூடியவையே. கடல் அவற்றோடு சேர்ப்பது தூரம் என்னும் ஒன்றைத்தான். கப்பல் வைத்தியம் என்று வழங்கும் சாஸ்திரம் முழுவதும் அந்தத் தூரத்தோடு மனிதன் நடத்திவரும் போராட்டமே என்று சொன்னால் மிகையாகாது.

அந்தப் போராட்டத்தின் பூர்விகம் அவ்வளவு கௌரவமானதாக இல்லை. ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளால் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஆர்தர் கானன் டாயில், எடின்பரோவில் மருத்துவப் படிப்பை முடிக்காத மாணவராக இருந்தபோதே, 1880இல் வடதுருவக் கடலுக்குத் திமிங்கில வேட்டைக்குச் சென்ற ஒரு கப்பலில் வைத்தியராகப் போய்வந்தார்; மறு வருஷம் பட்டம் பெற்று மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்ற மற்றொரு கப்பலில் வைத்தியம் பார்த்தபோது, அவரே கடுமையான ஜுரத்தில் விழுந்து எழுந்தார். மருத்துவர் இல்லாத சரக்குக் கப்பல்களின் கதி இன்னும் பரிதாபமானது. 1935இல் ரோமாபுரியில் குய்தோ குய்தா என்ற மருத்துவர், நடுக்கடலில் நோயுற்ற மாலுமிகளுக்கு ரேடியோ மூலமாகவே வைத்திய ஆலோசனை கூறும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார்; கம்பியில்லாத் தந்தியைக் கண்ட மார்க்கோனியே அதன் முதல் தலைவராக இருந்தார். கரைக்குப் போக முடியாத நோயாளியிடம் கரையின் அறிவையாவது அனுப்பிவைக்கலாம் என்ற அந்த எண்ணம் இன்றும் உயிரோடிருக்கிறது. இன்றைய கப்பல் மருத்துவர் எக்ஸ்ரே படத்தைச் செயற்கைக்கோள் வழியே கரையிலுள்ள நிபுணருக்கு அனுப்பி யோசனை கேட்பது அதே வம்சத்தில் வந்த ஏற்பாடுதான்.

இப்போது சட்டம் சற்றுக் கண்டிப்பாகவே இருக்கிறது. 2006இல் நிறைவேறி 2013இல் அமலுக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, நூறு பேரோ அதற்கு மேலோ ஏறி, மூன்று நாளுக்கு மேற்பட்ட சர்வதேசப் பிரயாணம் செய்யும் கப்பல் ஒவ்வொன்றிலும் தகுதி பெற்ற மருத்துவர் ஒருவர் இருந்தாக வேண்டும். அதற்கு மேல், அமெரிக்க அவசர சிகிச்சை மருத்துவர் கல்லூரி வகுத்துள்ள நெறிமுறைகளைப் பெரிய கப்பல் கம்பெனிகள் ஏற்று நடக்கின்றன. பயணிகளும் ஊழியருமாக ஆயிரம் பேருக்கு ஒரு படுக்கை வீதம் வேண்டும், தீவிர சிகிச்சைக்கென ஓர் அறை வேண்டும், ஈ.சி.ஜி., இருதயத் துடிப்பைக் கண்காணிக்கும் மானிட்டர், நின்ற இருதயத்துக்கு மின்அதிர்ச்சி தரும் கருவி, வென்டிலேட்டர், சில இரத்தப் பரிசோதனைகள், இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து இவையெல்லாம் இருக்க வேண்டும் என்பன அவற்றின் சாரம். பெரிய கப்பல்களில் பொதுவாக இரண்டு மருத்துவரும் மூன்று முதல் ஐந்து செவிலியரும் இருப்பார்கள். இது அலட்சியப்படுத்தத்தக்க ஏற்பாடன்று; ஆனால் 2024இல் ஓடத் தொடங்கிய மிகப் பெரிய கப்பலில் 7,600 பயணிகள் வரை ஏறலாம், ஊழியர் இரண்டாயிரத்துக்கு மேல், என்பதையும் உடன் வைத்து எண்ணிப் பார்த்தால், பத்தாயிரம் பேர் கொண்ட ஓர் ஊருக்கு ஒரு சிறிய ஆஸ்பத்திரி என்ற சித்திரம் மனத்தில் எழும்.

அந்த ஆஸ்பத்திரியைத் தேடுகிறவர் கீழ்நோக்கி இறங்க வேண்டும். பெரும்பாலான கப்பல்களில் அது அடித்தளங்களில், நீர்மட்டத்தை ஒட்டி, கப்பலின் நடுப்பகுதியில் அமைந்திருக்கும். காற்றும் வெளிச்சமும் மிகுந்த மேல்தளத்தை விட்டு நோயாளியை ஏன் அங்கே வைத்தார்கள் என்று தோன்றலாம். அலையின் ஆட்டம் அங்கேதான் குறைவு என்பது ஒரு காரணம். கரை சேர்ந்ததும் நோயாளியை ஸ்ட்ரெச்சரில் இறக்கி ஆம்புலன்ஸில் ஏற்றும் வாயில் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்பது மற்றொரு காரணம். அந்த அறையைக் கட்டியவர்களே அதை முடிவான இடமாகக் கருதாமல், கரைக்குப் போகும் வழியிலுள்ள ஒரு தங்குமிடமாகத்தான் கருதினார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

ஓர் உதாரணம் சொன்னால் விஷயம் தெளிவாக விளங்கும். பிரயாணத்தின் மூன்றாம் நாள் இரவு, எழுபத்துநான்கு வயதுப் பெரியவர் ஒருவர் தூக்கத்திலிருந்து எழுந்து நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "என்னங்க, இப்படி வேர்த்துக் கொட்டுதே?" என்று மனைவி பதறுகிறாள். "ஒண்ணுமில்லை, வாயுதான், விடிஞ்சா சரியாயிடும்" என்கிறார் அவர். விடியும் வரை காத்திருக்கும் தவற்றை அந்த அம்மாள் செய்யாமல் அறையிலுள்ள தொலைபேசியில் அவசர எண்ணை அழுத்தினால், சில நிமிஷங்களில் செவிலியர் ஸ்ட்ரெச்சரோடு வந்துவிடுவார்கள். கீழே ஈ.சி.ஜி. எடுக்கப்படுகிறது, மாரடைப்பு என்று தெரிகிறது. கரையாக இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் குழாய் செலுத்தி அடைப்பை நீக்கிவிடுவார்கள். கப்பலில் அதற்கு வசதி இல்லை. ஆகவே கட்டியைக் கரைக்கும் மருந்தை ஊசி மூலம் செலுத்துவதே மருத்துவர் முன்னுள்ள வழி. ஆனால் அது இருபுறமும் கூருள்ள கத்தி. அண்மையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ, முன்பு மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டிருந்தாலோ, இரத்தம் உறையாமலிருக்க ஏற்கனவே மருந்து சாப்பிட்டு வந்தாலோ, அதுவே உயிருக்கு உலை வைத்துவிடலாம். "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்று தென்னாப்பிரிக்காவிலிருந்தோ கொலம்பியாவிலிருந்தோ வந்த அந்த மருத்துவர் கேட்கிறார். "காலையில ஒரு வெள்ளை மாத்திரை, ராத்திரி பாதி ரோஸ் மாத்திரை" என்கிறாள் அந்த அம்மாள். உலகத்து மாத்திரைகளில் பாதி வெள்ளை. தூரத்தை வெல்வதற்கென்று அத்தனை கருவிகளையும் சேர்த்துவைத்த அந்த அறையில், அப்போது இல்லாதது ஒரு துண்டுக் காகிதம்.

மாரடைப்புக்காவது இவ்வாறு ஒரு வழி உண்டு. பக்கவாதம் வந்தால் அந்த வழியும் அநேகமாக அடைபட்டுவிடுகிறது. மூளையின் இரத்தக்குழாயில் கட்டி அடைத்ததனாலும் பக்கவாதம் வரும், குழாய் வெடித்து இரத்தம் கசிந்ததனாலும் வரும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். முதலாவதற்கு அமிர்தமாகும் மருந்து இரண்டாவதற்கு விஷம். இன்னது என்று பிரித்துச் சொல்ல சி.டி. ஸ்கேன் வேண்டும், பெரும்பாலான கப்பல்களில் அது கிடையாது. மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்ற விதியும் உண்டாகையால், பெட்டியில் மருந்து இருந்தும் மருத்துவர் கையைக் கட்டிக்கொண்டு கரையை எதிர்பார்த்திருக்க நேரிடும். இரத்த வங்கியும் கப்பலில் இராது. வயிற்றுப் புண்ணிலிருந்து இரத்தம் பெருகும் நோயாளிக்காக, இன்ன பிரிவு இரத்தம் உடையவர்கள் முன்வர வேண்டும் என்று ஒலிபெருக்கியில் வேண்டுகோள் விடுத்து, சகபயணிகளிடமும் ஊழியரிடமும் இரத்தம் பெற்று ஏற்றும் முறையைச் சில கம்பெனிகள் வகுத்து வைத்திருக்கின்றன. முன்பின் அறியாதவர்கள் இரவு உடையோடு படியிறங்கிவந்து கைநீட்டுகிற அந்தக் காட்சி, விருந்தும் கேளிக்கையும் பேசும் வண்ணப் புத்தகம் எதிலும் இடம்பெறுவதில்லை.

ஹெலிகாப்டர் வராதா என்று கேட்கலாம். வரும், அதற்கும் எல்லை உண்டு. அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் ஜேஹாக் ஹெலிகாப்டர் கரையிலிருந்து 300 கடல் மைல், அதாவது சுமார் 555 கிலோமீட்டர் வரை பறந்து, முக்கால் மணி நேரம் அங்கே நின்று, திரும்பிவர வல்லது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஹவாய்க்குச் செல்லும் கப்பலோ சுமார் 3,900 கிலோமீட்டர் கடக்க வேண்டும்; அப்பிரயாணத்தின் பெரும்பகுதி அந்த ஹெலிகாப்டருக்கு எட்டாதது. எட்டுகிற தூரத்திலும் அது எளிய காரியமன்று. தளத்திலுள்ள நாற்காலிகளையும் கொடிகளையும் அகற்றி, பயணிகளை உள்ளே போகச் சொல்லி, காற்றுக்கு ஏற்பக் கப்பலைத் திருப்பி நிறுத்தியபின், மேலே நின்று சுழலும் யந்திரத்திலிருந்து கம்பியில் கூடை ஒன்று இறங்குகிறது. அந்தக் கூடை முதலில் தளத்தைத் தொடும்வரை யாரும் அதைக் கையால் பிடிக்கலாகாது. பறக்கும்போது அதில் சேர்ந்த நிலைமின்சாரம் பிடித்தவரை உதறித் தள்ளிவிடும். உடல் தளர்ந்த முதியவரை ஆடும் தளத்திலிருந்து அந்தரத்தில் தூக்குவது சில சமயம் நோயைவிடப் பெரிய ஆபத்து என்று மருத்துவரும் மாலுமியும் கலந்து முடிவு செய்வதும் உண்டு. கூடவே மனைவிக்கு இடம் கிடைப்பது அரிது. அவள் அடுத்த துறைமுகம் வரை தனியே கப்பலில் இருக்க நேரும்.

கரை தெரிந்துவிட்டால் போதும் என்று எண்ணுவதும் சரியன்று. அலாஸ்கா யாத்திரையில் கப்பல் பெரும்பாலும் கரையை ஒட்டியே செல்கிறது. இருபுறமும் மலையும் பனியாறும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். ஆனால் அந்தக் கரையிலுள்ளவை சிற்றூர்கள். தலைநகரமான ஜூனோவுக்கே வெளியிலிருந்து சாலை கிடையாது. விமானத்திலோ கப்பலிலோதான் போக வேண்டும். பெரிய சிகிச்சை என்றால் அங்கிருந்து சியாட்டிலுக்கோ ஆங்கரேஜுக்கோ விமானத்தில் கொண்டுபோவார்கள். கரீபியன் தீவுகள் பலவற்றின் நிலையும் ஏறத்தாழ இதுவே. ஆகவே, கரை எவ்வளவு தூரம் என்று கேட்கிறவர் அந்தக் கரையில் என்ன இருக்கிறது என்றும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இவ்வளவும் பெரிய ஆபத்துகளைப் பற்றியவை. நாள்தோறும் கப்பல் மருத்துவரிடம் வருகிறவர்களை வாட்டுபவை இருமல், ஜுரம், வழுக்கி விழுதல், வயிற்றுப்போக்கு போன்ற சாதாரணத் தொல்லைகளே. அவை முதுமையோடு கூட்டுச் சேரும்போதுதான் அசாதாரணமாகின்றன. ஈரத் தளத்தில் வழுக்கியோ, குளியலறை வாசற்படியில் தடுக்கியோ விழுந்த மூதாட்டியின் இடுப்பெலும்பு முறிவை எக்ஸ்ரே காட்டிவிடும். அறுவை சிகிச்சை கரையில்தான். 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது கப்பல் சமையற்காரருக்கும் தெரிந்திருக்கிறது. ஊறுகாயும் பதனிட்ட இறைச்சியும் சூப்புமாக நாலு நாள் விருந்துண்ட இருதய நோயாளிக்குக் கால் வீங்கி, நுரையீரலில் நீர் கோத்து, ஐந்தாம் நாள் மூச்சு முட்டுகிறது. அதே நோயாளி, தீவைச் சுற்றிப் பார்க்கும் நாளன்று வழியில் கழிப்பிடம் கிடைக்குமோ என்ற கூச்சத்தால் நீர் பிரியும் மாத்திரையை 'இன்று ஒரு நாள்' என்று விட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். கடல்மயக்கத்துக்காகக் காதின் பின்னே ஒட்டிக்கொள்ளும் ஸ்கோபாலமின் பட்டை இளைஞருக்குச் சௌகரியமானது; முதியவருக்கோ அதனால் புத்தி தடுமாறலாம், புராஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீர் அடைபடலாம், சிலவகைக் கண்ணழுத்த நோய் முற்றலாம். கப்பல்களில் அடிக்கடி பரவும் நோரோ வைரஸ் வயிற்றுப்போக்கு இளைஞரை இரண்டு நாள் படுக்கவைத்து விட்டுவிடும். சிறுநீரகம் நலிந்த முதியவரை உலர்த்தி வீழ்த்திவிடும். கைக்குத் தெளிக்கும் ஆல்கஹால் மருந்துக்கு அந்தக் கிருமி எளிதில் மசியாது. சோப்பும் தண்ணீரும்தான் அதற்கு மாற்று. 1994இல் நியூயார்க்கிலிருந்து பெர்முடாவுக்குப் போய்வந்த ஒரு கப்பலில், ஒன்பது பிரயாணங்களில் ஐம்பது பேருக்கு லெஜியனேர்ஸ் என்னும் நிமோனியா கண்டது. சுழல்நீர்த் தொட்டியின் மணல் வடிகட்டியில் அந்தக் கிருமி இருந்ததென்று பின்னர் கண்டுபிடித்தார்கள். நுரையீரல் பலவீனமானவர்கள் அத்தகைய தொட்டிகளைத் தூரத்திலிருந்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்வது விவேகம்.

தூரம் என்பது கிலோமீட்டரில் மட்டும் இல்லை என்பதை 2020 பிப்ரவரியில் உலகம் கண்டது. ஜப்பானிலுள்ள யோகோஹாமா துறைமுகத்தில் கொரோனாவுக்காகத் தடுத்து நிறுத்தப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர் இருந்தனர். 700 பேருக்கு மேல் தொற்றுக் கண்டது. பயணிகளில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். பிரயாணம் முடிவதற்குச் சரியாக எண்ணிக் கொண்டுவந்திருந்த பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும், பிரயாணம் முடிந்தும் இறங்க முடியாத நாட்களில் தீர்ந்துபோயின. தன் அறையின் பால்கனியில் ஒரு பயணி ஜப்பானியக் கொடியைத் தொங்கவிட்டு, 'மருந்து போதவில்லை' என்று அதில் எழுதியிருந்தார். எதிரே நகரத்தின் கட்டடங்கள் தெரிகின்றன. ஆயிரம் மருந்துக் கடைகள் அங்கே இருக்கின்றன. ஒரு மாத்திரை கப்பலேறிவரக் கொடி காட்ட வேண்டியிருந்தது. புதிய நோய்க்கு உலகமே மருந்தில்லாமல் திகைத்திருந்த வேளையில், அந்த மனிதரை வாட்டியது பழைய நோய்க்கான மருந்து இல்லாத குறை.

பணத்தைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை சொல்ல வேண்டும். கப்பலில் வைத்தியம் இலவசமன்று. பானங்களுக்கும் கடைச் சாமான்களுக்கும் போலவே அதுவும் அறைக் கணக்கில் ஏறும். அமெரிக்க முதியோருக்கான மெடிகேர் காப்பீடு, கப்பல் அந்நாட்டுத் துறைமுகத்தில் இருந்தாலோ, அங்கிருந்து ஆறு மணி நேரத் தொலைவுக்குள் இருந்தாலோதான் கப்பல் வைத்தியத்துக்குப் பணம் தரும். பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம் பெற்றோர்களுக்கு எடுக்கப்படும் இன்ஷூரன்ஸ் பாலிசிகள் பல, முன்பே உள்ள நோய்களை விலக்கிவைக்கின்றன, அல்லது வயது ஏற ஏறத் தொகையைச் சுருக்குகின்றன. விமான ஆம்புலன்ஸுக்கோ பல லட்சம் ரூபாய் ஆகும். கப்பல் மருத்துவர் தவறு செய்தால் பொறுப்பாளி யார் என்ற வியாஜ்யமும் நீண்டது. கப்பல் கம்பெனியின் தொழில் பயணிகளை ஏற்றிச் செல்வதேயன்றி வைத்தியம் செய்வதன்று என்ற தத்துவத்தை 1988இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று உறுதிசெய்தது. கரையில் தலையில் அடிபட்டுக் கப்பலுக்குத் திரும்பிய முதியவர் ஒருவர் உரிய நேரத்தில் கவனிப்புக் கிடைக்காமல் இறந்ததாக எழுந்த வழக்கில், 2014இல் மற்றொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், கம்பெனியின் சீருடை அணிந்து கம்பெனியின் ஆஸ்பத்திரியில் பணிபுரியும் மருத்துவருக்காகக் கம்பெனியின் மேல் வழக்குத் தொடர இடமுண்டு என்று கூறிப் பழைய தத்துவத்தைத் தளர்த்தியது.

அப்படியானால் வயோதிகர்கள் கப்பலேறவே கூடாதா? அவ்வாறு சொல்வது அநியாயம். மாடிப்படி ஏற முடியாதவரையும், தினம் ஒரு ஊரில் பெட்டியைக் கட்டி அவிழ்க்கத் தெம்பில்லாதவரையும் உலகத்தைப் பார்க்கவைக்கும் வாகனம் கப்பலைப்போல் வேறில்லை. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கெனச் சிறுநீரக மருத்துவரையும் செவிலியரையும் யந்திரங்களையும் உடன் கொண்டுசெல்லும் தனி யாத்திரைகளும் நடைபெறுகின்றன. வேண்டியதெல்லாம், தூரத்தின்மேல் மனிதனுக்கு ஆதிக்கம் உள்ள ஒரே இடத்தில், அதாவது புறப்படுமுன் வீட்டில், செய்ய வேண்டியதைச் செய்துவிடுவதுதான். தொடர்ந்து பல நாள் கரை காணாத பாதையை விட்டு, ஒன்றிரண்டு நாளுக்கு ஒரு துறைமுகம் தொடும் பாதையைத் தேர்ந்துகொள்ளலாம். நோயை மறைக்காமல் கம்பெனிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். இடம் கிடைக்காதோ என்று மறைத்த நோய் நடுக்கடலில் தானே பேசத் தொடங்கும். மருந்துகளைப் பிரயாண நாட்களுக்கு மேலும் இரண்டு வாரத்துக்குச் சேர்த்து வாங்கி, கடையில் கொடுத்த அட்டையோடும் சீட்டோடும், கப்பல் சிப்பந்தி எடுத்துச்செல்லும் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியாக எடுத்த ஈ.சி.ஜி.யின் நகல் ஒன்றும் அதிலிருந்தால், இன்று கண்ட மாறுதல் புதியதா பழையதா என்று அறியத் தவிக்கும் கப்பல் மருத்துவருக்கு அது பெரும் உபகாரமாகும்.

பெட்டி கட்டும் அந்த இரவில் பிள்ளைகள் செய்யக்கூடிய ஒரு சிறு காரியம் உண்டு. புதுச் செருப்பும் குளிர் அங்கியும் வாங்கிவைத்தது போதும் என்று நிறுத்திவிடாமல், அப்பாவையும் அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, மாத்திரை டப்பாவைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து, அந்த வெள்ளை மாத்திரைக்கும் பாதி ரோஸ் மாத்திரைக்கும் உரிய பெயரையும் அளவையும் வேளையையும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி, இரண்டாக மடித்து, அம்மாவின் கைப்பையில் வைத்து, "இது இங்கே இருக்கும்மா" என்று காட்டிக்கொடுக்க வேண்டும். கரை எத்தனை தூரத்தில் இருந்தாலும், அந்தத் தாள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.